கட்டுமரத்திற்குத் துணை இயந்திரம் பொருத்துதல்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் இயற்கையாக அமைந்த துறைமுகங்கள் மிகக் குறைவு. கரை தாழ்ந்தது, மணற்பாங்கானது. வங்கக் கடலிலிருந்து வரும் அலைகள் கரையை நெருங்கும்போது நிமிர்ந்து உடைகின்றன. இவ்வலைகளைத் தாண்டிக் கடலுக்குள் செல்லவும், அவற்றின் ஊடே மீண்டும் கரையேறவும் ஏற்ற கலமாக நம் மீனவர் பல தலைமுறைகளாகக் கையாண்டு வந்தது கட்டுமரமே ஆகும். காற்றையும் கைவலிமையையும் மட்டுமே நம்பிய இக்கலத்திற்கு ஒரு சிறிய இயந்திரத்தைத் துணையாக அளிக்க இயலுமா? இயலும். ஆனால் இயந்திரத்தை விலைக்கு வாங்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கலம், கரை, இயந்திரம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராயாமல் செய்யப்பட்ட முயற்சிகள் பணநஷ்டத்திலும் சில சமயம் உயிராபத்திலும் முடியக்கூடும். ஆதலால் கடலோரக் கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும், பள்ளிகளில் விஞ்ஞானம் போதிக்கும் ஆசிரியர்களும் இவ்விஷயத்தின் அடிப்படையை அறிந்திருத்தல் நலம்.

கட்டுமரத்தின் அமைப்பு

கட்டுமரம் என்பது, பெயரே உணர்த்துவது போல, இலேசான மரங்கள் சிலவற்றைச் செதுக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, கயிற்றால் இறுகக் கட்டப்பட்ட மிதவை. இதற்கு உட்குழிவு இல்லை, ஆணியும் இல்லை. மேலே விழும் அலைநீர் மரங்களின் இடையே வழிந்து போய்விடும். ஆதலால் இதனுள் நீர் நிரம்பி மூழ்குவது என்ற பேச்சே எழுவதில்லை. அலை மோதும்போது கட்டுகள் சிறிது நெகிழ்ந்து கொடுப்பதால் மரம் பிளப்பதில்லை. பழைய சென்னைக் கரையில் கப்பல்களிலிருந்து பயணிகளையும் சரக்கையும் இறக்கப் பயன்பட்ட மசூலாப் படகுகளும், பலகைகளை ஆணி அடித்து இணைக்காமல் கயிற்றால் தைத்தே கட்டப்பட்டன. காரணம் இதுவேயாம்.

ஆங்கிலேயக் கடலோடியான வில்லியம் டாம்பியர் 1697ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பிரயாண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். தமிழ்ச்சொல்லே சிறிது திரிந்து ஆங்கிலத்தில் புகுந்தது. எனினும் அச்சொல் அங்கே நாளடைவில் வேறு பொருளை ஏற்றது. 1876இல் அமெரிக்கப் படகு வரைஞர் நத்தானியல் ஹெர்ரெஷாப் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை உடற் பாய்ப்படகைக் கட்டினார். இன்று மேனாடுகளில் 'கேட்டமரான்' என்றால், இணையாக நிற்கும் இரு மெல்லிய உடல்களைக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்த படகையே கருதுகின்றனர். 1960களின் இறுதியிலிருந்து கடற்கரை விளையாட்டுக்கெனப் பரவிய சிறிய பாய்ப்படகுகளும் இவ்வகையினவே. நம் கட்டுமரமும் அந்த இரட்டைப் படகும் அமைப்பில் வேறுபட்டவை. ஆயினும், மணற்கரையிலிருந்து புறப்பட்டு மணற்கரையிலேயே ஏற வேண்டியிருப்பதால், இயந்திரம் பொருத்தும்போது இரண்டிற்கும் ஏற்படும் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் ஒன்றே.

இயந்திரம் எதற்கு?

இரவில் நிலம் கடலைக் காட்டிலும் விரைவாகக் குளிர்கிறது. அதனால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். பகலில் நிலம் சூடேறியபின் காற்று கடலிலிருந்து கரையை நோக்கித் திரும்பும். முன்னதைக் கொண்டு புறப்பட்டுப் பின்னதைக் கொண்டு கரை திரும்புவது பாய் விரிக்கும் மீனவரின் வழக்கம். இவ்விரு காற்றுகளுக்கும் இடையே காற்றோட்டம் அடங்கி நிற்கும் நேரம் உண்டு. அந்நேரத்தில் நீரோட்டமும் எதிராயிருந்தால், பிடித்த மீன் வெயிலில் கெட்டுவிடும் முன் கரை சேர்வது அரிது. காற்று ஓய்ந்த வேளையில் கலத்தைச் செலுத்துவதே துணை இயந்திரத்தின் முதற் பயன்.

முந்திய முயற்சிகள்

இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் ஆகிய மூன்றும் 1952இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, கொல்லத்திற்கு அருகேயுள்ள நீண்டகரைப் பகுதியில் 1953இல் இந்திய-நார்வேஜியத் திட்டம் தொடங்கிற்று. வழக்கிலிருந்த நாட்டுப் படகுகளிலேயே இயந்திரம் அமைக்கலாம் என்ற எண்ணம் முதலில் இருந்தது. அப்படகுகள் இயந்திரத்தின் எடைக்கும் அதிர்வுக்கும் ஏற்றவை அல்ல என்று கண்டபின், புதிய வகைச் சிறு விசைப்படகுகளைக் கட்டும் வழி மேற்கொள்ளப்பட்டது. அவை தங்குவதற்குத் துறை வேண்டும். துறையில்லாத திறந்த மணற்கரைக்கு அவ்வழி பொருந்தவில்லை.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் பணியைத் தொடங்கியது. கரையேறும் படகுகளை வரைந்து சோதிப்பது அதன் பணிகளுள் ஒன்றாயிற்று. நார்வே நாட்டுப் படகு வரைஞர் ஓய்விந்த் குல்பிராண்ட்சன் இதில் முக்கிய பங்கு கொண்டார். அப்போது உருவான அமைப்புகளுள் ஒன்று, நீர் புகாத பெட்டியினுள் சிறு டீசல் இயந்திரத்தை அடைத்து, முழு இயந்திரத்தையும் ஒரு கீல் போன்ற அச்சின்மீது சாய்த்து, சுழல்விசிறியை நீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு. கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம் கிராமத்தில், பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே போன்றோரின் துணையுடன், ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டும் முயற்சி நடைபெற்றது. கேரளக் கரையில் 1980களின் தொடக்கத்திலிருந்து, மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்கள், அதாவது மீனவர் 'அவுட்போர்டு மோட்டார்' என்றே வழங்குபவை, விரைந்து பரவின.

இம்முயற்சிகள் யாவும் புகட்டும் பாடம் ஒன்றே: இயந்திரத்திற்கேற்பக் கரையை மாற்ற இயலாது, கரைக்கேற்ப இயந்திரத்தைத் தூக்கவும் இறக்கவும் வழி செய்தல் வேண்டும்.

எவ்வளவு சக்தி வேண்டும்?

ஒரு குதிரைசக்தி என்பது ஏறத்தாழ 746 வாட். நல்ல உடற்கட்டுள்ள மனிதன் நெடுநேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி சுமார் 75 வாட், அதாவது ஒரு குதிரைசக்தியில் பத்தில் ஒரு பங்கு. நால்வர் துடுப்பு வலித்தாலும் அரைக் குதிரைசக்தி கிட்டுவதில்லை. இரண்டு குதிரைசக்தி இயந்திரத்தின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி சுழல்விசிறியில் வீணானாலும், மிஞ்சுவது ஒரு குதிரைசக்தி. ஆகவே மிகச் சிறிய இயந்திரமும் நால்வரின் உழைப்பை விடப் பெரிய துணையே.

பெரிய இயந்திரம் வைத்தால் அதே விகிதத்தில் வேகம் கூடும் என எண்ணுவது பிழை. நீரைப் பிளந்து செல்லும் கலம் தன் முன்னும் பின்னும் அலையை எழுப்புகிறது. நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.4ஆல் பெருக்கினால், சாதாரணக் கலம் சிரமமின்றி எட்டக்கூடிய வேகத்தின் எல்லை, மணிக்கு இத்தனை கடல் மைல் எனத் தோராயமாகக் கிடைக்கும். ஆறரை மீட்டர் நீளத்திற்கு இது சுமார் 6 கடல் மைல். கட்டுமரத்தின் முரட்டு உருவத்திற்கு இதையும் எட்டுவது கடினம். இரட்டை உடற் படகுகளின் மெல்லிய உடல்கள் இவ்வெல்லையை எளிதில் தாண்டும்; அவற்றிற்கும் துணை இயந்திரம் சிறியதாயிருந்தால் போதும்.

எல்லைக்கு உட்பட்ட வேகத்திலும், தேவையான சக்தி ஏறத்தாழ வேகத்தின் கனத்தைப் போல் உயர்கிறது. மணிக்கு 6 கடல் மைல் செல்லும் கலத்தை 5 கடல் மைலாகக் குறைத்தால், வேண்டிய சக்தி சுமார் 58 சதவீதமாகத் தாழும். பிரயாண நேரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு பிரயாணத்தில் எரிபொருள் சுமார் 30 சதவீதம் மிச்சமாகும். சிறிய இருவீச்சுப் பெட்ரோல் இயந்திரம் முழு வேகத்தில் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு அரை லிட்டர் அளவு எரிபொருளை உண்ணும். எட்டுக் குதிரைசக்தி இயந்திரத்தை நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் 16 லிட்டர் செலவாகும். அன்றைய மீன்பாடு இதற்கு ஈடு கொடுக்குமா என்பதே மீனவக் குடும்பத்தின் முன் நிற்கும் கேள்வி. கேரளத்தில் தொடக்கத்தில் 7, 8 குதிரைசக்தியாயிருந்த இயந்திரங்கள் போட்டியினால் 15, 25, 40 என உயர்ந்தன. அதனுடன் எரிபொருட் செலவும் கடன் சுமையும் உயர்ந்தன.

மிதப்புக் கணக்கு

கட்டுமரம் மூழ்காது என்பது உண்மை. ஆயினும் அது சுமக்கக்கூடிய எடைக்கு வரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக, மரங்களின் மொத்தக் கன அளவு ஒரு கனமீட்டர் என்று கொள்வோம். முழுவதும் அமிழ்ந்தால் அது விலக்கும் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிலோகிராம். உலர்ந்த மரத்தின் எடை 400 கிலோகிராமாயின், மேலே ஏற்றத்தக்க எடை 625 கிலோகிராம். நீர் ஊறி மரத்தின் எடை 600 கிலோகிராமாக உயர்ந்தால், இது 425 ஆகக் குறைந்துவிடும். நான்கு ஆட்களுக்கு 240, வலைக்கு 100, மீனுக்கு 60 என 400 கிலோகிராம் ஏற்றியபின் மிஞ்சுவது 25 மட்டுமே. இயந்திரமும் எரிபொருளும் சேர்ந்து 40 கிலோகிராமாயின், மரங்களின் மேற்பரப்பும் நீருக்குள் ஆழ்ந்துவிடும்.

கரையேறிய உடன் கட்டுகளை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்தும் வழக்கம் ஏன் ஏற்பட்டது என்பது இதனால் விளங்கும். இயந்திரம் வைத்தபின் நாள்தோறும் அவிழ்ப்பது தொல்லையெனக் கருதி மரங்களைக் கட்டியபடியே விட்டுவைப்பவர், தம்மை அறியாமலே மிதப்பை இழக்கின்றனர். ஒன்று, ஆளையோ வலையையோ குறைக்க வேண்டும். அல்லது மரம் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

எங்கே, எவ்வாறு பொருத்துவது?

பலகைப் படகின் பின்புறத்தில் செங்குத்தான பலகை ஒன்று உண்டு. இயந்திரத்தை அதன்மீது மாட்டித் திருகினால் போதும். கட்டுமரத்திற்கு அத்தகைய பின்பலகை கிடையாது. ஆகவே மரங்களின் மேல் குறுக்காக ஒரு வலுவான கட்டையை வைத்து, எல்லா மரங்களோடும் சேர்த்துக் கட்டி, அக்கட்டையில் இயந்திரத் தாங்கியை அமைக்க வேண்டும். ஒரே மரத்தில் திருகாணி கொண்டு தாங்கியை இறுக்கினால், உந்துவிசை முழுவதும் அம்மரத்தின்மேல் விழும். மரங்கள் ஒன்றையொன்று தாண்டி நகர்ந்து கட்டு தளரும். அதிர்வினால் கயிறு தேய்வதால், ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் கட்டுகளைச் சோதித்தல் அவசியம்.

பக்கவாட்டில் தாங்கியை அமைப்பது எளிது. ஆனால் கலம் எதிர்ப்புறமாகத் திரும்பிக்கொண்டேயிருக்கும். 30 கிலோகிராம் உந்துவிசை நடுக்கோட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் விலகி நின்றால், அதைச் சரிக்கட்ட, கலத்தின் நடுவிலிருந்து 3 மீட்டர் பின்னால் உள்ள சுக்கான் துடுப்பில் ஏறத்தாழ 6 கிலோகிராம் விசையை இடைவிடாது செலுத்த வேண்டும். ஆகையால் கூடியவரை நடுக்கோட்டில், பின்முனைக்கு அருகே அமைப்பதே முறை.

சுழல்விசிறியின் ஆழமும் கவனிக்கத்தக்கது. அலையில் பின்முனை உயரும்போது விசிறி நீர்ப்பரப்பை அணுகினால் காற்றை உறிஞ்சிக்கொண்டு வீணே சுழலும். இயந்திரம் அளவுமீறி ஓடிச் சேதமுறும். கட்டுமரத்திற்கோ இரட்டை உடற் படகிற்கோ, குட்டைத் தண்டை விட நீண்ட தண்டுள்ள இயந்திரமே பெரும்பாலும் ஏற்றது. சந்தையில் இவ்விரு அளவுகளும் சுமார் 15, 20 அங்குலமாகக் கிடைக்கின்றன. இரட்டை உடற் படகில் பின் குறுக்குக் கட்டை நீரிலிருந்து மிக உயரத்தில் இருப்பதால், ஏற்றி இறக்கும் தாங்கி ஒன்று தேவை. இயந்திரத்தின் எடையால் பின்பகுதி தாழாதிருக்க ஆட்கள் சிறிது முன்னே அமர வேண்டும்.

தாங்கியின் திருகுகளை மட்டும் நம்பாமல், இயந்திரத்தை ஒரு தனிக் கயிற்றாலும் கலத்தோடு பிணைத்துவைத்தல் வேண்டும். ஒரு திருகு கழன்றதால் பல மாத வருமானத்திற்கு ஈடான பொருள் கடலடியில் போய்விடக் கூடாது.

உடையலைகளின் நடுவே

அலையின் உயரத்தைப் போல் சுமார் 1.3 மடங்கு ஆழம் உள்ள இடத்தில் அலை உடைகிறது. ஒரு மீட்டர் உயர அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். இரு அலைகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் நீர் இன்னும் குறைவு. அந்நிலையில் இயந்திரம் கீழே இறங்கியிருந்தால், விசிறி மணலில் தட்டும். அது நங்கூரம் போல் பின்முனையைப் பிடித்துக்கொள்ள, பின்னால் வரும் அலை கலத்தைக் குறுக்காகத் திருப்பிக் கவிழ்த்துவிடும். கவிழ்ந்த கலத்தின் அருகே சுழலும் விசிறி, நீரில் விழுந்த ஆட்களுக்குப் பேரபாயம்.

ஆதலால் பின்வரும் ஒழுங்கைக் கள ஊழியர்கள் வற்புறுத்திக் கூற வேண்டும். புறப்படும்போது துடுப்பினாலேயே உடையலைகளைக் கடந்து, அப்பால் சென்ற பின்னரே இயந்திரத்தை இறக்கி இயக்குக. திரும்பும்போது உடையலைகளுக்கு வெளியே நின்று, இயந்திரத்தை நிறுத்தி, தூக்கிக் கட்டிவிட்டு, அலையின் போக்கைக் கவனித்துத் துடுப்பினால் கரையேறுக. ஓட்டுபவரின் உடலோடு கட்டப்பட்டு, அவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கயிறு இருப்பின், அதைக் கட்டாயம் பயன்படுத்துக.

பராமரிப்பு

உப்புநீர் இயந்திரத்தின் பகை. ஒவ்வொரு நாளும் கரை வந்தபின் குளிர்விக்கும் குழாய்களில் நன்னீரைச் செலுத்திக் கழுவ வேண்டும். இயந்திரம் கடலில் மூழ்கிவிட்டால், அதைக் காயவைத்து மறுநாள் பார்ப்போம் என்று விடலாகாது. சில மணி நேரத்திலேயே துரு பிடிக்கத் தொடங்கும். உடனே நன்னீரால் கழுவி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, உருளைக்குள் எண்ணெய் விட்டு, கூடிய விரைவில் மெக்கானிக்கிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் இயந்திரம் குளிர்ந்த நிலையில் எளிதில் எரியாது. அதனால் பெட்ரோலில் தொடங்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பு மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றினால், அடுத்த முறை தொடங்குவது எளிதாகும். விசிறி எதிலேனும் மோதினால் தான் ஒடிந்து பல்சக்கரங்களைக் காக்கும் சிறு ஊசி பல இயந்திரங்களில் உண்டு. மாற்று ஊசிகளையும், மாற்று ஸ்பார்க் பிளக்கையும், அவற்றை மாற்றும் கருவிகளையும் நீர் புகாத டப்பாவில் எப்போதும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

எரிபொருளைப் பொறுத்தவரை, மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மிஞ்சிய பங்கு எதிர்பாராத இடையூறுக்கு என்ற பழைய விதி இன்றும் சிறந்ததே.

பாயைக் கைவிடலாகாது

இயந்திரம் வந்தபின் பாய்மரத்தையும் பாயையும் வீட்டில் விட்டுச்செல்வது பலருடைய இயல்பு. எடை குறைகிறது என்பது அவர்கள் கூறும் நியாயம். ஆனால் இயந்திரத்தின் உதவியால் கலம் முன்னைவிடத் தொலைவு செல்கிறது. அங்கே இயந்திரம் பழுதானால், துடுப்பினால் கரை சேரும் தூரம் அதுவல்ல. நீரோட்டத்தில் அகப்பட்ட கலம் நாட்கணக்கில் மிதக்கவும் நேரிடும். துணை என்ற சொல்லின் பொருளை நாம் மறக்கலாகாது: இயந்திரம் பாய்க்குத் துணை, பாய் இயந்திரத்திற்குத் துணை. இரண்டில் ஒன்று தவறினால் மற்றொன்று ஆட்களைக் கரை சேர்க்க வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலையில் எண்ணற்ற மரக்கலங்கள் அழிந்தன. அதன்பின் கண்ணாடி இழைப் படகுகள் கிழக்குக் கரையெங்கும் பெருகின. அவற்றிற்கு நீர் ஊறும் குறை இல்லை. இயந்திரம் மாட்டப் பின்பலகையும் உண்டு. எனினும் அவை உட்குழிவுள்ளவை. நீர் நிரம்பினால் ஆழக்கூடியவை. ஆகவே உட்புறத்தில் மிதப்புப் பொருள் அடைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும். மூழ்காத தன்மை பழைய கட்டுமரத்தின் பெருஞ்சிறப்பு. புதிய கலத்திலும் அதை இழக்கலாகாது.

வகுப்பறையில் செய்து காட்டக் கூடியவை

இவ்விஷயத்தைக் கற்பிக்கக் கடல் அருகே இருக்க வேண்டும் என்பதில்லை. கடல்மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரின் ஒக்கலிபுரத்தில் படிக்கும் தமிழ் மாணவனும் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கொண்டு இதை அறியலாம்.

முதலாவது, இலேசான மரத்துண்டு ஒன்றை எடை போட்டு, அதன்மேல் எத்தனை காசுகளை வைத்தால் நீரில் அமிழ்கிறது என்று எண்ணுக. அதே துண்டை இரண்டு நாள் நீரில் ஊறவைத்து மீண்டும் எண்ணுக. குறைந்த காசுகளே, ஊறியதால் இழந்த மிதப்பு. இரண்டாவது, மூன்று குச்சிகளைக் கட்டி மிதவை செய்து, நடுவில் நூல் கட்டி இழுக்க. பின்னர் ஓரத்தில் கட்டி இழுக்க. ஓரத்தில் இழுத்த மிதவை வளைந்து திரும்புவதை மாணவர் தாமே காண்பர். மூன்றாவது, மிதவையின் பின்முனையில் ஒரு குச்சியைக் கீழ்நோக்கிச் செருகி, தொட்டியின் ஓரத்தில் மணல் சரிவு அமைத்து, கையால் அலை எழுப்பிக் கரையேற்றுக. குச்சி மணலில் தட்டியதும் மிதவை குறுக்கே திரும்பிக் கவிழும். குச்சியை எடுத்துவிட்டுச் செய்தால் நேராக ஏறும்.

இம்மூன்று சோதனைகளையும் கண்ட மாணவன், அலைகளின் நடுவே இயந்திரத்தைத் தூக்கிக் கட்டுமாறு மீனவருக்கு ஏன் கூறப்படுகிறது என்பதை மனனம் செய்ய வேண்டியதில்லை. அவ்வாறே கள ஊழியரும், இயந்திரம் வாங்க வரும் மீனவரிடம் குதிரைசக்தியைப் பற்றிப் பேசுமுன், அவருடைய கலம் எத்தனை எடை தாங்கும், அவருடைய கரையில் அலை எங்கே உடைகிறது, இயந்திரம் நின்றால் அவர் எதைக் கொண்டு திரும்புவார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்பாராயின், பல நஷ்டங்களையும் சில மரணங்களையும் தவிர்க்க இயலும்.